கொந்தராத்து வேலைக்காரருக்கும் வேலையிழப்புக் கொடுப்பனவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலையிழந்தவர்களுக்கு இலங்கையிலும் ஒரு காப்புறுதி வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளைப் பற்றியும் ஹோட்டல் ஊழியர்களைப் பற்றியும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் மேசன், ஓடாவி, வயறிங், பெயின்ட் என்று கொந்தராத்துக்கு வேலை எடுத்துச் செய்கிற சனத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சட்டம் எழுதியவர்களுக்கே எங்கள் நினைப்பு வரவில்லை.

என் கணவர் டைல்ஸ் பதிப்பவர். ஊரில் மாபிள் வேலை என்றால்தான் தெரியும். கூட இரண்டு பொடியன்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி எடுப்பார், கணக்குக் கொப்பி என் கையில். சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னால் அந்தக் கொப்பியில் எழுத இடம் காணாது. எல்லாருக்கும் வருடப்பிறப்புக்குள் வீடு முடிய வேண்டும். ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தால் வரவுப் பக்கம் வெறுமையாகி, கடைக் கடனும் நகை ஈட்டு வட்டியும் மட்டும் ஏறிக்கொண்டு போகும். வீட்டுக்குள்ளே செய்கிற வேலைக்கு மழை என்ன செய்யும் என்று கேட்பார்கள். பூசிய சுவர் காயாது, கூரை வேலை முடியாது, மணல் ஏற்றும் இடமெல்லாம் வெள்ளம். அதைவிடப் பெரிய காரணம், வாவிக்கு மேற்கே வயல் ஊர்களான படுவான்கரையில் வீடு கட்டுகிறவரின் காசு அந்த நேரம் வயலுக்குள் கிடக்கிறது. மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வெட்டி விற்ற பிறகுதான் அவர் எங்களைக் கூப்பிடுவார். அதுவரை வேலை இருக்கிறது, ஆனால் இப்போது இல்லை. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

மாரி என்றால் முன்கூட்டியே தெரியும், சேர்த்து வையுங்கள் என்று சொல்லலாம். சரி, சேர்க்கிறோம். ஆனால் கொழும்பில் எடுக்கிற முடிவுகளுக்கும் சேர்த்து வைக்க முடியுமா? 2020 இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததும் டைல்ஸ் தட்டுப்பாடு வந்தது. கடையில் ஒரு அறைக்குப் போதுமான பெட்டிகூட ஒரே நிறத்தில் கிடைக்காத காலம் அது. 2022 இல் சீமெந்தும் கம்பியும் ஏறிய ஏற்றத்தில், பாதியில் நின்ற வீடுகள் எத்தனை என்று கல்முனை வீதியால் போய்வந்த எல்லாரும் பார்த்தார்கள். அந்த வீடுகளுக்குள் செய்யவிருந்த வேலைகள்தான் எங்கள் வருமானம். யாரும் எங்களை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, நிறுத்திய கடிதம் என்று ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் 'கொஞ்சம் பொறுங்க தம்பி' என்று சொன்னார், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் ஒரு அலுவலகத்துக்கு, ஏதாவது உதவி உண்டா என்று கேட்கப் போனேன். தந்த படிவத்தில் தொழில்தருநரின் பெயரும் முகவரியும் கேட்டிருந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் நிரப்பிக் கொடுத்தேன். மேசையில் இருந்த பிள்ளை பேனா முனையால் அந்த வெற்றுக் கட்டத்தைத் தட்டி, 'அக்கா, இதில ஒரு பேர் இல்லாம ஏத்தேலாது' என்றார். அவரே முதலாளி, அவரே தொழிலாளி என்றேன். 'அப்ப அவர் முதலாளிதானே' என்று படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அந்தப் பிள்ளையில் கோபமில்லை. முதலாளி என்ற பட்டம் கிடைத்ததில் என் கணவருக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. 1958 இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி சம்பளத்தில் ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் கட்ட வேண்டும். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம். 1983 இன் பணிக்கொடைச் சட்டம் பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடத்துக்கு. இந்தக் கட்டாயக் கொடுப்பனவுகளுக்கெல்லாம் மேலே ஒரு முதலாளி இருந்தாக வேண்டும். இத்தனை இருந்தும் வேலை போனவருக்கு மாதாமாதம் கொடுப்பனவு என்று ஒன்று இங்கே கம்பனி ஊழியருக்கே கிடையாது. அவர்களுக்கே இல்லாததை நீங்கள் கேட்கிறீர்களா என்றால், ஆம், இப்போதே கேட்கிறேன். திட்டம் எழுதி முடித்த பிறகு எங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் இன்னும் முப்பது வருடம் போகும்.

அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும இருக்கிறதே என்பார்கள். 2023 இல் தொடங்கிய அந்தத் திட்டம் வறுமையை அளக்கிறது, வேலை நின்றதை அளக்கவில்லை. கணக்கெடுக்க வருகிறவர்கள் வீட்டையும் சொத்தையும் மின்சாரப் பாவனையையும் பார்க்கிறார்கள். வேலை இருந்த காலத்தில் கட்டிய கல்வீடு, வேலை நின்ற மாதத்தில் ஓலைவீடாக மாறிவிடாது. வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. உண்மையிலேயே வறுமைப்பட்டவர்களுக்கான காசில் பங்கு கேட்பது எங்கள் நோக்கமும் இல்லை. எங்களுக்கு வேண்டியது அந்த இரண்டு மூன்று மாதத்தைத் தாண்டுவதற்கு ஒரு வழி. அது இல்லாததால்தான் கிழமைக்குக் கிழமை வசூலிக்கிற கடன் கொடுப்பவர்கள் கார்த்திகை மாதத்தில் எங்கள் ஒழுங்கைகளுக்குள் அடிக்கடி வருகிறார்கள். அந்தக் கடனுக்குக் கையெழுத்து வைப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான்.

வெளிநாட்டில் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள் என்ற பேச்சும் முழு உண்மை இல்லை. சுவிஸில் சொந்தத் தொழில் செய்கிறவர் வேலையிழப்புக் காப்புறுதிக்குள் வரவே மாட்டார். பிரான்சில் 2019 நவம்பரிலிருந்து சுயதொழில்காரருக்கு ஒரு கொடுப்பனவு இருக்கிறது, ஆனால் அது தொழிலையே மூடும் நிலைக்கு வந்தவருக்கு. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்குக் காத்திருப்பவருக்கு இல்லை. அமெரிக்காவில் 2020 இல் கொரோனாவுக்காகச் சுயதொழில்காரரையும் கொந்தராத்துக்காரரையும் சேர்த்தார்கள், 2021 செப்டெம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஜேர்மனியில்தான் எனக்குப் பிடித்த முறை இருக்கிறது. சுயதொழில் தொடங்கி மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால், தகுதியுள்ளவர் தானாகவே காசு கட்டி அரசின் வேலையிழப்புக் காப்புறுதியில் தொடர்ந்து இருக்கலாம். கட்டியவர் கேட்கிறார். இதில் பிச்சை என்ற பேச்சே இல்லை.

இங்கே அதற்குப் புதிதாக ஒரு திணைக்களம் கட்டத் தேவையில்லை. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் சுயதொழில் செய்கிறவரும் விரும்பிச் சேரலாம் என்று ஏற்கெனவே இருக்கிறது. அது எங்கள் பக்கத்தில் எத்தனை மேசன்மாருக்குத் தெரியும்? அதே நிதியில் கொந்தராத்துக்காரருக்கு இன்னொரு கணக்குத் திறக்கட்டும். பங்குனியிலிருந்து புரட்டாதி வரை நாங்கள் கட்டுகிறோம், அரசாங்கம் அதன்மேல் ஒரு பங்கு போடட்டும், வேலை நின்ற காலத்தில் வருடத்துக்கு இரண்டு மாதத் தொகை எடுக்க விடட்டும். மாதாமாதம் ஒரே தொகை கட்டு என்று மட்டும் சொல்ல வேண்டாம். எங்கள் வருமானம் அப்படி வருவதில்லை. பெரிய வேலை முடிந்து கடைசிக் காசு கைக்கு வரும்போது மொத்தமாகக் கட்ட வழி வேண்டும்.

சும்மா இருக்கிறேன் என்று பொய் சொல்லி வாங்குவார்களே, யார் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானது. வெள்ளத்தில் வயல் அழிந்தால் கமக்காரருக்கு நட்டஈடு கொடுக்கிறார்கள். அதற்கு அலுவலர் வயலுக்கே போய்ப் பார்த்து எழுதுகிறார். 2020 இல் ஊரடங்கு போட்டு, சித்திரையில் வருமானம் இழந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் கொடுத்தபோது, யார் நாட்கூலி, யார் கொந்தராத்து என்று கிராம உத்தியோகத்தருக்குத் தெரிந்துதானே இருந்தது? அவசரத்துக்குத் தெரிந்த ஆட்கள் ஒழுங்கான திட்டத்துக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போவார்கள்? தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்த பொடியன்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பதிவைத் தொடங்க அந்தப் பெயர்ப்பட்டியலே போதும். கொஞ்சம் பொய்யும் நடக்கும்தான். எந்தத் திட்டத்தில் நடக்கவில்லை?

நம்முடைய மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் மட்டக்களப்பானாலும் அம்பாறையானாலும் வருடா வருடம் அரச நியமனம் பற்றிப் பேசுகிறார்கள். பட்டதாரிகள் வேலை கேட்டு மட்டக்களப்பு காந்தி பூங்காவில் போராட்டம் இருந்தால் போய்ப் பார்க்கிறார்கள், அதுவும் தேவைதான். கொந்தராத்துக்காரர் போராட்டம் நடத்த மாட்டார். ஒரு நாள் போய் அங்கே இருந்தால் அன்றைய வேலையை வேறொருவர் எடுத்துவிடுவார். வேலையிழப்புக் காப்புறுதிச் சட்டமூலம் எப்போது வந்தாலும், அதில் 'ஊழியர்' என்பதற்குக் கொடுக்கிற விளக்கத்தில் சொந்தக் கையால் கொந்தராத்து வேலை செய்கிறவரையும் சேர்க்கச் சொல்லி அவர்கள் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். உங்கள் பத்திரிகையும் அவர்கள் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டு, வந்த பதிலைப் பெயரோடு போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களுவாஞ்சிகுடி.