இரண்டு கட்டடங்களின் லேன்களை இணைக்கப் பொருத்திய வயர்லெஸ் பிரிட்ஜ் குறித்த புகார்

அனுப்புநர்:
கணினி அறிவியல் ஆசிரியர் மற்றும் நெட்வொர்க் பொறுப்பாளர்,
அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
எங்கள் பள்ளிக்கு பிரிட்ஜ் பொருத்திய நிறுவனம்,
திருநெல்வேலி.

பொருள்: வயர்லெஸ் பிரிட்ஜ் சரியாகப் பொருத்தப்படாதது, பாஸ்வேர்டு தர மறுப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பள்ளி நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இருக்கிறது. தெற்கே பழைய கட்டடம். அலுவலகம், சர்வர், பைபர் இணைப்பு, இணையப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் எல்லாம் அங்கேதான். வடக்கே, ஒரு தென்னந்தோப்பைத் தாண்டி, ஏறக்குறைய 400 மீட்டர் தொலைவில் புதிய கட்டடம். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளும், கணினி ஆய்வகமும், விடுதி அலுவலகமும் அந்தப் பக்கம். சாலையைத் தோண்டிக் கேபிள் போட நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும், செலவும் எங்கள் சக்திக்கு மீறியது. அதனால்தான் மே மாத விடுமுறையில் உங்களிடம் பாயிண்ட் டு பாயிண்ட் வயர்லெஸ் பிரிட்ஜ் வாங்கினோம். இரு முனையிலும் ரேடியோ வைத்து, இரண்டு லேன்களை (கட்டடத்துக்குள் உள்ள கணினி நெட்வொர்க்குகளை) கேபிளின்றி இணைக்கும் கருவி அது. 'இரு கட்டடங்களின் லேன்களும் ஒரே நெட்வொர்க்காக இயங்கும், வேகம் 300 எம்பிபிஎஸ்' என்று உங்கள் கொட்டேஷனில் எழுதியிருக்கிறது. பணம் முழுவதையும் பெற்றோர் ஆசிரியர் கழகம் திரட்டிக் கொடுத்தது. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து அந்த வரி உண்மையாக இருந்த வாரம் ஒன்றுகூட இல்லை. தொலைபேசியில் சொன்னதெல்லாம் பதிவாகாமல் போனதால் இப்போது எழுத்தில் தருகிறேன்.

முதலில், பொருத்த வந்தவர்கள் இரு பக்கமும் ஏற்கெனவே என்ன ஓடுகிறது என்று கேட்கவே இல்லை. இரண்டு கட்டடங்களும் அதுவரை தனித்தனி லேன்களாக இருந்தவை. வடக்குக் கட்டடத்தில் பழைய பிராட்பேண்ட் ரௌட்டர் ஒன்று இருந்தது. அதன் இணைப்பு ரத்தாகிவிட்டது, ஆனால் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முகவரி 192.168.1.1. தெற்கே ஃபயர்வாலின் முகவரியும் அதே 192.168.1.1. இரண்டிலும் கணினிகளுக்கு முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி இயங்கிக்கொண்டிருந்தது. பிரிட்ஜ் என்பது ரௌட்டர் மாதிரி இரண்டு நெட்வொர்க்குகளைப் பிரித்து வைக்காது. ஒரு பக்கத்தில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக அனுப்பும் பிராட்காஸ்ட் எல்லாம் மறுபக்கத்துக்கும் போகும். அப்படியிருக்க, உங்கள் ஆட்கள் ரேடியோவிலிருந்து வந்த கேபிளை நேராக அந்தப் பழைய ரௌட்டரில் செருகிவிட்டு, விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாளிலிருந்து எந்தக் கணினிக்கு எந்த 192.168.1.1 பதில் சொல்கிறதோ அதைப் பொறுத்துத்தான் இணையம். வடக்கே மட்டுமில்லை, அதுவரை ஒழுங்காக ஓடிய தெற்கு அலுவலகத்திலும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு பாதியில் நின்றது. உங்கள் சேவை எண்ணில் பைபர் இணைப்பு தந்தவர்களைக் கேட்கச் சொன்னார்கள். பழைய ரௌட்டரில் டிஎச்சிபியை அணைத்து, அதன் முகவரியை நானே மாற்றிய பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. வேலை தொடங்கும் முன் இரு பக்கத்து முகவரிகளையும் எழுதிப் பார்த்திருந்தால் இது வந்தே இருக்காது. இந்த வேலையின் முதல் படியே அதுதான்.

அடுத்தது இதைவிடப் பெரியது. எந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று காட்டும் ஃபயர்வாலின் ஏஆர்பி பட்டியலைத் திறந்தால், வடக்குக் கட்டடத்து ஆய்வகக் கணினிகள், விடுதி அலுவலகக் கணினி, விரல்ரேகை வருகைக் கருவி என எல்லா ஐபிகளுக்கும் எதிரே ஒரே மேக் முகவரிதான் (கருவியின் வன்பொருள் முகவரி) தெரிகிறது. அது உங்கள் வடக்கு ரேடியோவின் மேக் முகவரி. அதாவது நீங்கள் பொருத்தியது உண்மையான பிரிட்ஜாக வேலை செய்யவில்லை. சாதாரண வைஃபையில் ஒரு கிளையன்ட் (இணையும் கருவி) அக்சஸ் பாயிண்டுக்கு (இணைப்புத் தரும் கருவிக்கு) அனுப்பும் ஃபிரேமில், அதாவது தகவல் பொட்டலத்தில், மூன்று மேக் முகவரிகள்தான் பயன்படும். அனுப்பும் ரேடியோவும் தகவலின் மூலமும் ஒன்றே என்று அந்த அமைப்பு எடுத்துக்கொள்கிறது. ஒரு கைபேசிக்கு அது போதும். ரேடியோவுக்குப் பின்னால் ஒரு லேன் முழுக்க இருக்கும்போது, பின்னால் இருக்கும் கணினியின் முகவரியையும் தனியாகச் சொல்ல நான்காவது முகவரி வேண்டும். டபிள்யூடிஎஸ் என்ற தேர்வு இருப்பது அதற்குத்தான். அது இல்லாமல் போட்டால், ரேடியோ தன் மேக் முகவரியை எல்லாக் கணினிகளுக்கும் முகமூடியாகப் போட்டு அனுப்புகிறது.

இணையம் வருகிறதே, அப்புறம் என்ன குறை என்று உங்கள் டெக்னீஷியன் கேட்டார். குறை இதுதான். எங்கள் ஃபயர்வாலில் மாணவர் கணினிக்கு ஒரு விதி, அலுவலகக் கணினிக்கு ஒரு விதி. இரண்டும் மேக் முகவரியை வைத்தே பிரிக்கப்பட்டவை. இப்போது வடக்கே எல்லாமே ஒரே கருவியாகத் தெரிவதால், ஒன்று விடுதிக் காப்பாளரால் உதவித்தொகை விண்ணப்பத்துக்கான இணையதளத்தைத் திறக்க முடியாது, இல்லையென்றால் ஆய்வகத்துப் பிள்ளைகள் முன்னால் எல்லாத் தளங்களையும் திறந்துவிட வேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு பள்ளி இரண்டாவதைச் செய்ய முடியாது. அதனால் காப்பாளர் சான்றிதழ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு, லாரிகள் பறக்கும் அந்தச் சாலையைத் தாண்டித் தெற்கு அலுவலகத்துக்கு வருகிறார். அந்த நடையை மிச்சப்படுத்தத்தானே உங்களுக்குப் பணம் கொடுத்தோம்?

டபிள்யூடிஎஸ்ஸை இயக்கச் சொல்லி எழுத்திலேயே கேட்டேன். உங்கள் கருவியின் கையேட்டில் அந்த வசதி இருக்கிறது. கூடுதல் பொருள் எதுவும் தேவையில்லை, இரு முனையிலும் ஒரு அமைப்பை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நானே மாற்றியிருப்பேன். ஆனால் ரேடியோக்களின் நிர்வாகி பாஸ்வேர்டை நீங்கள் தரவில்லை. நிறுவனத்தின் கொள்கை என்று பதில் வந்தது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் 'ரிமோட்டில் பார்த்துக்கொள்கிறோம்' என்றும் சொன்னார்கள். ஐயா, பில் பள்ளியின் பெயரில் இருக்கிறது, கருவி எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது, அதன் வழியாகப் போவது எங்கள் மாணவர்களின் தகவல். அந்தக் கருவிக்குள் நுழையும் உரிமை வெளியில் இருக்கும் உங்களுக்கு மட்டும் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. இந்தக் கடிதத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் எனக்குக் கவலை தருகிறது. கொட்டேஷனில் இப்படி ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தால் நாங்கள் கையெழுத்தே போட்டிருக்க மாட்டோம்.

இனி மழைக்கு வருகிறேன். லிங்க் விட்டுவிட்டு வருகிறது என்று ஆனி மாதத்திலிருந்து சொல்லிவருகிறேன். 'உங்கள் ஊரில் சாரல் அதிகம் சார், வயர்லெஸ் என்றால் அப்படித்தான்' என்பதே ஒவ்வொரு முறையும் பதில். இதை நான் ஏற்கவில்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க். இந்த அலைவரிசையில் 400 மீட்டர் தூரத்துக்குக் கனமழை பெய்தாலும் மழைத்துளிகளால் ஒரு டெசிபல் இழப்புகூட வராது. மழையால் சிக்னல் அடிவாங்குவது இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைவரிசைகளில். காற்றில்லாமல் மழை மட்டும் பெய்த இரவுகளில் லிங்க் அசையாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். சாரலே இல்லாமல் காற்று மட்டும் வீசிய பகல்களில் ரேடியோவின் சிக்னல் விளக்குகள் ஏறி இறங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

காரணம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இரு ரேடியோக்களுக்கும் நடுவே தென்னை மரங்கள். எதிர்க் கம்பம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று உங்கள் ஆட்கள் வைத்துவிட்டார்கள். ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் ஒற்றைக் கோட்டில் போவதில்லை. அந்தக் கோட்டைச் சுற்றி ஃபிரெனல் மண்டலம் என்று ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். 400 மீட்டருக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவழியில் அதன் ஆரம் சுமார் இரண்டேகால் மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. எங்கள் தோப்பில் மட்டைகள் அந்த இடத்துக்குள்தான் ஆடுகின்றன. நனைந்த மட்டை சிக்னலை இன்னும் அதிகமாகக் குடிக்கும். மழையின்மேல் பழி விழுவது இதனால்தான். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று இந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல, திருநெல்வேலியில் இருக்கும் உங்களுக்கும் புதிதாக இருக்க முடியாது. அந்தக் காற்றுக்கு நடுவே, தண்ணீர்த் தொட்டியின் கைப்பிடிச் சுவரில் கட்டுக்கம்பியால் சுற்றிய ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பில் டிஷ்ஷை நிறுத்தியிருக்கிறீர்கள். காற்றடித்தால் பைப்பே திரும்புகிறது. இரு முனையிலும் கம்பத்தை உயர்த்தி, ஸ்டே கம்பி கொடுத்து இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். இடத்தைப் பார்வையிட்டதற்கென்று பில்லில் தனிக் கட்டணம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பார்வையில் தென்னைகள் எப்படித் தப்பின?

லிங்க் நிற்பதற்குத் தீர்வு என்று ஆகஸ்டில் உங்கள் டெக்னீஷியன் செய்த வேலையை விரிவாகவே சொல்ல வேண்டும். பேக்அப்புக்கு என்று இன்னொரு ஜோடி ரேடியோக்களைக் கொண்டுவந்து, பழைய ஜோடிக்குப் பக்கத்திலேயே மாட்டி, இரு முனையிலும் அதே சுவிட்சுகளில் செருகினார். இரண்டு லேன்களுக்கு நடுவே இரண்டு பாதைகள் வந்ததும் வட்டம் ஒன்று உருவாகிவிட்டது. ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரௌட்டரையும் தாண்டும்போது அது குறைந்து, கடைசியில் பாக்கெட் கைவிடப்படும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. வட்டத்துக்குள் மாட்டிய ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் சுற்றிக்கொண்டே இருக்கும், பெருகிக்கொண்டும் இருக்கும். அவர் கேபிளைச் செருகிய சற்று நேரத்தில் இரு கட்டடங்களிலும் எல்லாம் நின்றது. சுவிட்ச் விளக்குகள் மொத்தமும் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டன. பிளஸ் டூ மாணவர்களின் செய்முறை வகுப்பு அப்படியே நின்றது. இரண்டாவது ஜோடியின் கேபிளை நான் பிடுங்கிய பிறகுதான் உயிர் வந்தது.

பிரிட்ஜ்களில் வட்டம் விழுவதும் அதைத் தடுப்பதும் இன்று நேற்றுக் கண்டுபிடித்தவை அல்ல. டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) என்ற கணினி நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் 1985-லேயே ஸ்பேனிங் ட்ரீ முறையை உருவாக்கினார். 1990-ல் அது பிரிட்ஜ்களுக்கான 802.1டி தரத்தில் இடம்பெற்றது. பாதைகளில் ஒன்றை மட்டும் திறந்து வைத்து, மற்றதை அடைத்து வைப்பதும், திறந்த பாதை அறுந்தால் அடைத்ததைத் திறப்பதும்தான் அதன் வேலை. பேக்அப் லிங்க் என்றால் அதுதான். உங்கள் டெக்னீஷியன் ரேடியோவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஸ்பேனிங் ட்ரீ தேர்வு நான்கு ரேடியோக்களிலும் அணைந்தே இருந்தது. அதை இயக்கச் சொன்னதற்கு, அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு என்றார். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. வெயிலில் மொட்டை மாடியில் ஏறி வேலை செய்கிறவர், சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்வார். அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பியது உங்கள் நிறுவனம்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 300 எம்பிபிஎஸ் என்பது ரேடியோ பக்கத்துக் கணக்கு. நீங்கள் தந்த கருவியின் ஈதர்நெட் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். எனவே கொட்டேஷனில் எழுதிய வேகம் எந்த நாளிலும் எங்கள் லேனுக்கு வந்து சேர வழியில்லை. விற்கும்போதே இது உங்களுக்குத் தெரியும்.

கேபிளும் பில்லில் உள்ளபடி இல்லை. 'சுத்தச் செம்பு, கேட் 6' என்று எழுதியிருக்கிறது. துண்டாகிக் கிடந்த மிச்சத்தைச் சுரண்டினால் செம்பு நிறத்துக்கு உள்ளே வெள்ளை தெரிகிறது. அது செம்பு பூசிய அலுமினியம். இதே கேபிள் வழியாகத்தான் ரேடியோவுக்கு மின்சாரமும் மேலே போகிறது. அலுமினியத்தில் மின்தடை அதிகம், வோல்டேஜ் வழியிலேயே குறையும். உறையும் வீட்டுக்குள் போடும் ரகம், மாடி வெயிலில் இப்போதே வெளிறத் தொடங்கிவிட்டது. கம்பத்துக்கு எர்த் இல்லை, திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் இல்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இடி மின்னலோடு வரும். மாடியிலிருந்து அந்தக் கேபிள் நேரே ஆய்வகத்துச் சுவிட்சுக்கு இறங்குகிறது, சுவிட்சிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் போகிறது. பிள்ளைகள் உட்காரும் மேசைகள் அவை.

உங்களிடம் நாங்கள் கேட்பது வேலையை முடித்துத் தருவதைத்தான். நான்கு ரேடியோக்களின் நிர்வாகி பாஸ்வேர்டும் அமைப்புக் கோப்பின் நகலும் இந்தக் கடிதம் கிடைத்த உடனே வர வேண்டும். இதற்கு ஆள் வரவேண்டியதில்லை, ஒரு மின்னஞ்சல் போதும். எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும் ஐப்பசி பிறப்பதற்குள் போடப்பட வேண்டும். அதுவரை இடி இடிக்கும்போதெல்லாம் கேபிளைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கம்பங்களை உயர்த்தித் தென்னைகளுக்கு மேலே லிங்க் போக வழி செய்ய வேண்டும், கேபிளைப் பில்லில் எழுதியபடி மாற்ற வேண்டும், டபிள்யூடிஎஸ்ஸும் ஸ்பேனிங் ட்ரீயும் இயக்கப்பட்டு என் முன்னால் சோதித்துக் காட்டப்பட வேண்டும். சோதனை என்றால், மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் மட்டும் போதாது. வடக்குக் கட்டடத்தின் ஒவ்வொரு கருவியும் தன் சொந்த மேக் முகவரியோடு ஃபயர்வாலில் தெரிய வேண்டும், ஒரு ஜோடியை அணைத்தால் மறு ஜோடி தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். தளப் பார்வைக் கட்டணத்தையும், வேகத்தைக் காட்டி வாங்கிய கூடுதல் விலையையும் திருப்பித் தர வேண்டும்.

இவற்றைச் செய்ய இயலாது என்றால் கருவிகளைக் கழற்றிக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்து, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குச் செல்லப் பள்ளி நிர்வாகம் தீர்மானித்திருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் நெட்வொர்க் கேபிளிங் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. அதை நடத்தும்போது பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப்போய், முறையாகப் பொருத்திய ஓர் இணைப்பைக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் உங்கள் கொட்டேஷனைப் பரிந்துரைத்தேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன் அந்தப் பாடம் வருகிறது.

உங்கள் பொறியாளர் எந்த வேலை நாளில் வந்தாலும், முன்கூட்டியே சொன்னால், நான் உடனிருந்து எல்லாவற்றையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்,
பள்ளித் தலைமையாசிரியரின் ஒப்புதலுடன்.

இணைப்பு: கொட்டேஷன் மற்றும் பில் நகல்கள், ஏஆர்பி பட்டியலின் படம், கம்பமும் தோப்பும் தெரியும் புகைப்படங்கள், வெட்டிய கேபிள் துண்டு.