எடை மெஷினோடு வந்த அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நாங்களே படம் வரைந்து கட்டிய முகாம் ட்ரெய்லர் அன்று அந்த இறக்கத்தில் காரின் பின்னால் வாலாட்டிக் கவிழ்ந்தது உங்களுக்கே தெரியும். யாருக்கும் அடி இல்லை. ட்ரெய்லரும் மறுபடி தன் சக்கரத்தில் நிற்கிறது. கை நடுக்கம் அடங்கும் முன்பே இதை எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி, வீட்டில் எடை பார்க்கும் சின்ன மெஷினையும் ஒரு சாக்பீசையும் எடுத்துக்கொண்டு வந்த அக்காவுக்கு. எல்லோரும் டயரையும் கமான் பட்டையையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் மட்டும் "மூக்குல எவ்வளவு கிலோ உட்காருது?" என்று கேட்டீர்கள். ட்ரெய்லரின் முன்முனை காரின் கொக்கியை அமுக்கும் எடையைத்தான் கேட்டீர்கள். படம் வரைந்த எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அளக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தீர்கள். காரிலிருந்து கழற்றி, மெஷின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, ஓடும்போது இருக்கும் அதே உயரத்தில் கப்ளிங்கை (காரின் கொக்கியில் மாட்டும் முனையை) அதன்மேல் இறக்கினீர்கள். ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கிக்கு அடியில் மெஷினை வைக்கப் போனவரைத் தடுத்ததும் நீங்கள்தான். ஜாக்கி கப்ளிங்கைவிட ஆக்சிலுக்குக் கிட்டே இருக்கிறது, அங்கே வைத்தால் எடை கூடுதலாகக் காட்டும்.

காட்டியது 20 கிலோ. முகாம் சாமான் எல்லாம் ஏற்றிய ட்ரெய்லர் 500 கிலோ. வெறும் 4 சதவீதம்! இப்படிப்பட்ட ட்ரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருந்தால்தான் அது காரின் பின்னால் ஒழுங்காக வரும். பாரம் பின்னால் போனால் வாலாட்டும், வேகம் கூடக் கூட அந்த ஆட்டம் தானாகவே பெருகும். அதற்காக மூக்கில் அள்ளிப் போட்டுவிடவும் முடியாது. சிறிய கார்களின் கொக்கி 50 கிலோ, 75 கிலோ என்றுதான் தாங்கும். காரின் தகட்டில் அடித்திருக்கும் அந்த எண்ணைப் பார்த்த பிறகே மற்றது.

பிறகு தரையிலேயே சாக்பீசால் கணக்குப் போட்டீர்கள். ஒரு சாமானின் எடையை, ஆக்சிலிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, ஆக்சிலுக்கும் கப்ளிங்குக்கும் நடுவே உள்ள தூரத்தால் வகுத்தால், மூக்கில் அது கூட்டுவதோ குறைப்பதோ வந்துவிடும். எங்கள் 40 லிட்டர் தண்ணீர் டேங்க், சமையல் பெட்டிக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் இருந்தது. கப்ளிங் வரை 2.5 மீட்டர். ஆக, டேங்க் நிறைந்திருந்தால் மூக்கில் 16 கிலோ காலி. அதை ஆக்சிலுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்ததும் 20 கிலோ 40 ஆனது. படுக்கையையும் அடுப்பையும் நினைத்து வரைந்த படத்தில் பாரத்தை யாருமே நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மீதியை ஆக்சில் கொடுத்தது. ஆக்சிலின் கமான் பட்டையைத் தாங்கும் கொக்கிகளை வெல்டிங் செய்யாமல், 50 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டு போல்ட்டில் மாட்டியிருந்தோம். (நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம்.) இரண்டு துளை, அதாவது 100 மில்லிமீட்டர் ஆக்சிலைப் பின்னே தள்ளினோம். மூக்கு ஏறக்குறைய 58 கிலோ, 11.5 சதவீதம். கப்ளிங்கின் நடுவிலிருந்து ஆக்சிலின் இரண்டு முனைக்கும் டேப் பிடித்து, தூரம் ஒன்றாக வரும்வரை நீங்கள் யாரையும் எழுந்திருக்க விடவில்லை. அது கோணலாக நின்றால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், ட்ரெய்லரும் நண்டு மாதிரி ஓடும்.

சமையல் பெட்டியை இறக்கிவிட்டுச் சரக்கு ஏற்றும் நாளில் கணக்கே வேறு. அதற்காகத் தரைப் பலகையில் ஆக்சிலுக்கு நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்தீர்கள். கோட்டுக்கு முன்னால் பாரத்தில் 60 பங்கு, பின்னால் 40. கனமானது கோட்டுக்குப் பக்கத்தில், தாழ்வாக. சாக்பீஸ் அழியும் என்று அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டோம்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறோம், குறையாக நினைக்க வேண்டாம். டிராபார் (கப்ளிங் வரை நீளும் இரும்பு) சட்டத்தோடு சேரும் இடத்தில் குறுக்கே ஓடிய வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்த தம்பிக்கு. பின்விளக்கின் எர்த்தை கப்ளிங் உருண்டை வழியே விடாமல் தனி ஒயரில் இழுத்துக் கொடுத்தவருக்கு. சரக்குக் கட்டும் வளையங்களைப் பிளைவுட்டிலிருந்து பிடுங்கி இரும்புச் சட்டத்திலேயே போல்ட் போட்ட அண்ணனுக்கு. பிளைவுட் விளிம்பிலும் ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையிலும் எபாக்சி தடவிய பிள்ளைகளுக்கு (தண்ணீர் அங்கேதான் முதலில் நுழையும்). கேஸ் சிலிண்டர் பெட்டியின் அடியில் துளை போடச் சொன்னவருக்கு. கசியும் கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். டார்ச் பிடித்து நின்றவர்களுக்கும்.

இனி புறப்படும் ஒவ்வொரு தடவையும் மூக்கை மெஷினில் வைத்துவிட்டுத்தான் புறப்படுவோம். டேங்க் நிறைந்திருக்கும்போது ஒன்று, காலியாக ஒன்று. 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டை மறுபடி முறுக்குவோம், ஹப்பில் கை வைத்துச் சூடு பார்ப்போம்.

அக்கா, உங்கள் மெஷின் எங்களிடமே தங்கிவிட்டது. மரக்கட்டை உட்கார்ந்து கண்ணாடியில் ஒரு கீறலும் விழுந்திருக்கிறது. புதிது வாங்கி வைத்திருக்கிறோம். பழையதை நாங்களே வைத்துக்கொள்ளலாமா?