புகார் கடிதம்: மாடல் எண் ஒன்று, உள்ளே சிப் வேறு

அனுப்புநர்:
பொறுப்பாளர், மாலை நேரக் கணினி வகுப்பு,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: லினக்ஸில் இயங்காத ஐந்து வைஃபை டாங்கிள்களுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். மே மாதம் உங்கள் கம்பெனியின் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் (கணினியில் செருகி வைஃபை பெறும் சிறு கருவி) ஐந்து வாங்கினேன். ஒன்று 649 ரூபாய், மொத்தம் 3,245 ரூபாய். விண்டோஸ் கணினியில் செருகினால் ஐந்தும் வேலை செய்கின்றன. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில், விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸிலும் இயங்கும் என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன், அது உண்மையில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து சோதித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பில் இருப்பவை பழைய அரசு இலவச மடிக்கணினிகள். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அந்தக் காலத்து பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கிடைத்தவை. படித்து முடித்துவிட்டு எங்களிடம் கொடுத்தார்கள். வரும்போதே விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. இப்போது எல்லாவற்றிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் வைஃபை கார்டு பலவற்றில் செத்துப்போய்விட்டதால்தான் டாங்கிள் தேவைப்பட்டது.

போன வருடம் இதே மாடலில் ஒன்று வாங்கியிருந்தேன். செருகிய அரை நிமிடத்தில் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. எதையும் நிறுவவில்லை. அந்தத் திருப்தியில்தான் அதே கடையில், அதே மாடல் எண்ணைச் சொல்லி, இன்னும் ஐந்து கேட்டு வாங்கினேன். பெட்டியில் படம், நிறம், எழுத்து எல்லாம் அச்சு அசல் ஒன்றே. புதியதைச் செருகினால் வைஃபை வரவில்லை. அதற்குப் பதிலாகத் திரையில் ஒரு சிடி படம் வந்தது. திறந்தால் உள்ளே விண்டோஸுக்கான இன்ஸ்டாலர் மட்டும். அதை எஜெக்ட் செய்த பிறகுதான் டாங்கிள் தன்னை வைஃபை கருவி என்று காட்டிக்கொண்டது. அப்புறமும் இணைப்பு வரவில்லை.

செருகியிருக்கும் யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை கொடுத்துப் பார்த்தேன். பழைய டாங்கிளின் அடையாள எண் 9271 என்று முடிகிறது, அதாவது அதெரோஸ் ஏஆர்9271 சிப். அதை இயக்கும் ஏடிஎச்9கே எச்டிசி என்ற டிரைவர் மென்பொருள், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளின் மூல நிரலைக்கூட 2013-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அரை நிமிடத்தில் வேலை செய்ததற்கு அதுதான் காரணம். புதிய ஐந்திலும் இருப்பது வேறு கம்பெனியின் வேறு சிப். டெபியன் 12-இல் உள்ள 6.1 கெர்னலில் அதற்கு டிரைவர் இல்லை. மாடல் எண்ணை மாற்றாமல் உள்ளே சிப்பை மாற்றிவிட்டீர்கள்.

சரி, பெட்டிக்குள் தனியாக வைத்திருந்த சிடியில் டிரைவர் கொடுத்திருக்கிறீர்களே என்று பார்த்தேன். எங்களிடம் சிடி டிரைவ் வேலை செய்யும் மடிக்கணினி ஒன்றே ஒன்று. அதில் போட்டு, லினக்ஸ் என்ற ஃபோல்டரை பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். அது வெறும் மூல நிரல், நாமேதான் கம்பைல் செய்ய (இயங்கும் வடிவுக்கு மாற்ற) வேண்டும். அதற்குக் கம்பைலரும் கெர்னல் ஹெடர்கள் என்ற துணைக் கோப்புகளும் வேண்டும், அவற்றை இறக்க நெட் வேண்டும். நெட் இல்லாததால்தானே டாங்கிள் வாங்கினோம்! கடைசியில் போனைக் கேபிளில் மாட்டி, யுஎஸ்பி டெதரிங்கில் இறக்கினேன். கம்பைல் செய்யும் மேக் கட்டளையைக் கொடுத்ததும் திரை முழுக்கப் பிழைகள். முதல் பிழையிலேயே விஷயம் இருந்தது: இனிட்_டைமர் என்ற ஃபங்ஷனைக் காணோம். 2018 ஜனவரியில் வந்த 4.15 கெர்னலிலேயே அதை எடுத்துவிட்டார்கள். கூடவே இருந்த ரீட்மீ கோப்பைத் திறந்தேன். இந்த டிரைவர் 3.10 கெர்னல் வரை இயங்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 3.10 வந்தது 2013-இல். இதை வைத்துக்கொண்டு இந்த வருடம் விற்கும் பெட்டியில் லினக்ஸ் பெயரை எப்படிப் போட்டீர்கள்?

அந்தச் சிப்புக்காக யாரோ ஒருவர் தன் சொந்த நேரத்தில் திருத்தி வைத்திருந்த நிரல் கிடைத்தது. அவருக்கு நன்றி. அது கம்பைல் ஆனது, இணைப்பும் வந்தது. ஆனால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துவிடும். அடுத்த கெர்னல் அப்டேட் வந்ததும் டிரைவர் காணாமல் போய், திரும்பவும் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. ஐந்து கணினியிலும் இதையே செய்துகொண்டிருந்தால் நான் பாடம் நடத்துவது எப்போது?

உங்கள் உதவி மையத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "விண்டோஸ் போட்டுக்கோங்க சார்" என்றார்கள். இந்தக் கணினிகளில் 2 ஜிபி ராம்தான் இருக்கிறது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி வேண்டும். போனில் பேசிய பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிப் மாறிய விஷயமே அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு டாங்கிளை மாற்றியும் அனுப்பினீர்கள். அதிலும் அதே புதிய சிப்.

இதெல்லாம் நடந்தது பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் சமயம். வகுப்பில் நெட் வந்தது பழைய டாங்கிள் மாட்டிய ஒரே கணினியில்தான். சான்றிதழ்களை ஏற்றப் பிள்ளைகள் இரவு ஒன்பதரை வரை வரிசையில் காத்திருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண், முறை வருவதற்குள் இருட்டிவிட்டது என்று இரண்டு நாள் திரும்பிப் போனாள். மூன்றாம் நாள் அவள் அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து கூட உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று நாளும் உங்கள் டாங்கிள்கள் ஐந்தும் மேசை மேல்தான் கிடந்தன.

ஐந்துக்கும் உரிய 3,245 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். ஏஆர்9271 சிப் உள்ள பழைய சரக்கு உங்களிடம் இருந்தால் பணத்துக்குப் பதில் அதையே சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். இனி அச்சடிக்கும் பெட்டிகளில் சிப்பின் பெயரையும், எந்தக் கெர்னல் வரை இயங்கும் என்பதையும் போடுங்கள். ஒரு வரிதான். அந்த வரி இருந்திருந்தால் கடையிலேயே பெட்டியைத் திருப்பி வைத்திருப்பேன். அப்படிப் போட முடியாவிட்டால் லினக்ஸ் என்ற சொல்லைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டு சிப்புகளின் அடையாள எண்கள் தெரியும் படங்கள், கம்பைல் பிழைகளின் நகல், பில் நகல் ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் பதில் வரவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரம் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுப்பேன். டாங்கிள்களை அதே பெட்டிகளில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் அன்றே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்