தம்பி, உன் காருக்கு எந்த ஒயில்?

யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கையேட்டுப் பக்கத்தைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். உன் டொயோட்டா ஜிஆர் 86 காருக்கு 0டபிள்யூ-20 சிந்தெடிக் ஒயில் என்று கார் செய்தவனே எழுதி வைத்திருக்கிறான். உன் கூட்டாளி ஒருத்தன் அதைத் தண்ணி என்கிறான், 10டபிள்யூ-60 ஊற்றச் சொல்கிறான். மற்றவன் 5டபிள்யூ-40 என்கிறான். நீ அம்மாவைக் கேட்கிறாய். சரி, இத்தனை காலம் ஒயில் கடையில் இருந்தவளைக் கேட்டது புத்திதான். போனில் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் "பிறகு எடுக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். அப்பாவைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. அவருக்கு ஏ-40 கார் ஓடிய காலத்திலிருந்து 20டபிள்யூ-50 ஒன்றுதான் ஒயில், மற்றதெல்லாம் வியாபாரிகள் கட்டிய கதை. அந்த வியாபாரிகளில் நானும் ஒருத்தி என்பதை அவர் யோசிப்பதில்லை.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாக வாசி. பனிக்காலம் முழுக்கப் புத்தகத்தில் உள்ள 0டபிள்யூ-20 ஐயே ஊற்று. கோடையில் ட்ராக்குக்கு, அதுதான் ரேஸ் ஓடுபாதைக்கு, போவதென்றால், போக முதல் ஒரு படி ஏறி 5டபிள்யூ-30க்கு மாறு. 60 என்ற பேச்சை விட்டுவிடு.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் "அக்கா, நல்ல தடிப்பாய் ஒண்டு தாங்கோ" என்றுதான் கேட்பார்கள். தடிப்பு என்றால் பலம் என்று ஒரு நினைப்பு. எந்த வெப்பத்தில் தடிப்பு என்று ஒருவரும் கேட்பதில்லை. போத்தலில் இரண்டு எண்கள் இருப்பதே அதற்காகத்தான். டபிள்யூ என்பது வின்ரர். அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் எஞ்சினைச் சுற்ற அந்த ஒயில் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதைச் சொல்கிறது. எஸ்ஏஇ என்ற பொறியியலாளர் சங்கம் போட்ட ஜே300 என்ற அட்டவணைதான் இதற்கெல்லாம் அடிப்படை. அதன்படி 0டபிள்யூ ஒயிலைச் சுழியத்துக்குக் கீழ் 35 பாகையில் சோதிப்பார்கள், 5டபிள்யூவைக் கீழ் 30 இல், 10டபிள்யூவைக் கீழ் 25 இல், அப்பாவின் 20டபிள்யூவைக் கீழ் 15 இல்.

இங்கே தை மாத விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. அதனால் அப்பா சொல்வது யாழ்ப்பாணத்துக்குச் சரி. முதல் எண் என்னவாக இருந்தாலும் எங்களுடைய வாகனங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கனடாவில் நீ இருக்கிற ஸ்காபரோவில் சில விடியல்கள் கீழ் 20 வரை போகும் என்று நீயேதான் முறைப்பாடு சொல்வாய். அந்தக் குளிரில் 10டபிள்யூ ஒயிலிலும் எஞ்சின் கிளம்பலாம். ஆனால் கிளம்பிய முதல் நொடிகளில் ஒயில் மேலே போய்ச் சேரச் சுணங்கும். அந்த நேரத்தில் தேய்மானம் கூடும்.

இரண்டாவது எண்ணுக்கு வருவோம். அது 100 பாகையில் அளந்த பாகுத்தன்மை, அதாவது ஒயிலின் தடிப்பு. அதை அளக்கிற அலகு சென்ரிஸ்ரோக்ஸ். 20 என்றால் 6.9 இலிருந்து 9.3 சென்ரிஸ்ரோக்ஸ், 30 என்றால் 12.5 வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை. 60 அதற்கும் மேலே. உன் கூட்டாளி தண்ணி என்று சொல்கிற 0டபிள்யூ-20 கூட 40 பாகையில் அளந்தால் 100 பாகையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு தடிப்பு. குளிர்ந்த எஞ்சினில் எந்த ஒயிலும் தேவைக்கு மேல் தடிப்புத்தான். சூடேறிய பிறகு மெல்லியதாகிவிடுமோ என்பது மட்டும்தான் பிரச்சினை, அது எவ்வளவு சூடு ஏறுகிறது என்பதைப் பொறுத்தது.

உன் காரில் ஒயில் வெப்பத்தைத் திரையில் பார்க்கலாம். அந்த எண்ணைப் பார்க்காமல் தடிப்பைப் பற்றிக் கதைக்கிறவர்களின் பேச்சைக் கேட்காதே. வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வருகிறபோது 100 ஐச் சுற்றி நிற்கும், சிலவேளை அதற்கும் கீழே. அதற்கு 20 போதும், கார் செய்தவன் அதற்கேற்றபடிதான் சுழலும் தண்டைத் தாங்குகிற பெயரிங்குகளின் இடைவெளியையும் ஒயில் பம்மையும் வைத்திருக்கிறான். வால்வுகளின் நேரத்தை மாற்றுகிற பகுதியும் ஒயில் அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது, சின்னச் சின்னத் துவாரங்கள் வழியாக. 60 ஐ ஊற்றினால் குளிரில் அந்தத் துவாரங்களுக்குள் ஒயில் சோம்பலாகப் போகும்.

இன்னொன்றும் மறைக்கக்கூடாது. 20 ஐ இவ்வளவு பரவலாக்கியது எஞ்சினின் நன்மை மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஒவ்வொரு கார்க் கொம்பனியும் தான் விற்கிற கார்களின் சராசரி எரிபொருள் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்று 1975 இலிருந்து சட்டம் இருக்கிறது. மெல்லிய ஒயில் உராய்வைக் குறைத்து கொஞ்சம் பெற்றோல் மிச்சம் பிடிக்கும். ஒரு காரில் அது உனக்குத் தெரியவே தெரியாது, இலட்சக்கணக்கான கார்களில் கொம்பனிக்குத் தெரியும். ஆகவே புத்தகத்தில் உள்ள எண் பொய்யில்லை, ஆனால் அது சாதாரண ஓட்டத்தை மனதில் வைத்த எண்.

போன ஆடியில் மொஸ்போர்ட் ட்ராக்கில் ஓடிவிட்டு நீ அனுப்பிய படத்தில் ஒயில் வெப்பம் 128. அதைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது, அப்பா "நல்ல ஓட்டம்" என்றார். 128 இல் 20 எண் ஒயில் 100 இல் இருந்த தடிப்பில் ஏறக்குறைய அறுபது வீதம்தான் இருக்கும். ஒரு படி ஏறி 30க்குப் போனால் கிட்டத்தட்ட பத்துப் பாகை சூட்டை ஈடுகட்டலாம், அதாவது 130 இல் 30 எண் ஒயில், 120 இல் 20 எண் ஒயில் இருந்த அளவுக்கு இருக்கும். 100 பாகை எண்ணைவிட முக்கியமான இன்னொரு எண் உண்டு, போத்தலில் போட மாட்டார்கள், கொம்பனியின் தரவுத்தாளில் இருக்கும். 150 பாகையில், பெயரிங்குக்குள் நசுங்குவது போன்ற விசையில் அளப்பது அது. 20க்கு ஆகக் குறைந்தது 2.6 வேண்டும், 30க்கு 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5. ட்ராக்கில் ஓடுகிறவன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரே குடும்ப எஞ்சினுக்கு ஓட்டத்தைப் பொறுத்து வேறு ஒயில் என்பது நான் கண்டுபிடித்த விசயம் அல்ல. ஃபோர்ட் மஸ்ராங்கின் 5 லீற்றர் எஞ்சினுக்குச் சாதாரண காரில் 5டபிள்யூ-20 என்று எழுதினார்கள், அதே எஞ்சினை ட்ராக்குக்குத் தயார்செய்த 2012 பொஸ் 302க்கு 5டபிள்யூ-50 என்று எழுதினார்கள். கொர்வெற் காருக்கு 5டபிள்யூ-30 என்று இருந்ததை 2019 மாடலில் 0டபிள்யூ-40 ஆக்கினார்கள். உன் கூட்டாளியின் 10டபிள்யூ-60 கதையும் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பிஎம்டபிள்யூ பழைய எம்3க்கு, அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு, அதைத்தான் சொன்னது. 8,000 சுற்றுப் போகிற அந்த எஞ்சினின் பெயரிங்குகளுக்கு அது தேவைப்பட்டது. அதன்பிறகு 60 என்றாலே ரேஸ் என்று ஒரு மரியாதை வந்துவிட்டது. பிஎம்டபிள்யூவே பின்னால் வந்த எம் எஞ்சின்களில் 30க்கு இறங்கிவிட்டது, கூட்டாளிக்கு அதைச் சொல்.

5டபிள்யூ-40 சொன்னவன் அவ்வளவு பிழை இல்லை. 30 விட்ட பிறகும் திரையில் 130 ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் அதற்குப் போகலாம். ஆனால் அந்த நிலையில் நான் ஒயிலை மாற்றுவதைவிட ஒயில் கூலர் ஒன்றுக்குக் காசு சேர்ப்பேன். வெப்பத்தைக் குறைக்காமல் தடிப்பைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முடிவே இல்லை.

தடிப்பால் தீராத ஒன்றும் உண்டு. உன் காரின் எஞ்சினில், பிடிமானமான ரயரோடு நீண்ட வலது வளைவில் போகும்போது ஒயில் ஒருபக்கம் ஒதுங்கி அழுத்தம் விழுகிறது என்று ஓட்டுகிற ஆட்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். மொஸ்போர்ட்டில் அநேகமான வளைவுகள் வலதுபக்கம். பம் காற்றை உறிஞ்சினால் 20 என்ன, 60 என்ன. ட்ராக்குக்குப் போக முதல் ஒயில் மட்டம் மேல் கோட்டில் நிற்கிறதா என்று பார். கோட்டுக்கு மேலே விடாதே.

இனி, உன் புதுக் காருக்கும் எங்கள் பழைய கதைக்கும் உள்ள தொடர்பைச் சொல்கிறேன். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த வருசங்களில் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது உனக்குத் தெரியும். கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்புவார்கள், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகி எரியாது. எரியாத மிச்சம் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். அளவுக் கம்பியில் ஒயில் குறையாமல் கூடிக்கொண்டு போகும், சனம் சந்தோசப்படும். கம்பியை மணந்து பார்த்தால் அடுப்படி மணம். அந்த ஒயில் எத்தனை எண் என்று போத்தலில் இருந்தாலும் உண்மையில் அது வேறு ஏதோ.

உன் காரில் பெற்றோல் நேரடியாகச் சிலிண்டருக்குள்ளும் அடிக்கிறது. குளிர்காலத்தில் ஒயில் சூடேற முதலே கடைக்குப் போய், நிறுத்தி, திரும்பி வந்தால் அதே வேலைதான் நடக்கும், பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கி அதை மெல்லியதாக்கும். நீண்ட ஓட்டத்தில் ஒயில் நன்றாகச் சூடானால் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். ஆகவே பனிக்காலத்தில் கிழமைக்கு ஒருதரமாவது நெடுஞ்சாலையில் அரைமணித்தியாலம் ஓடு. அளவுக் கம்பியில் மட்டம் கூடினால் சந்தோசப்படாதே. வசந்தத்தில் ட்ராக்குக்குப் போக முதல், மீதி ஓட்டம் இருந்தாலும் பனிக்கால ஒயிலை இறக்கிவிடு. காசு இருந்தால் அந்தப் பழைய ஒயிலில் கொஞ்சத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பு. 100 பாகையில் பாகுத்தன்மை எவ்வளவு, பெற்றோல் எத்தனை வீதம் என்று எழுதி அனுப்புவார்கள். கூட்டாளிகள் பத்துப்பேர் கதைப்பதைவிட அந்த ஒரு தாள் பெறுமதி.

சிந்தெடிக் என்ற சொல்லுக்கு மயங்காதே. 1999 இல் மொபில் என்ற ஒயில் கொம்பனி காஸ்ரோல் என்ற கொம்பனி மீது முறையிட்டபோது, கச்சா எண்ணெயை மிக ஆழமாகச் சுத்திகரித்து எடுத்ததையும் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாம் என்று அமெரிக்க விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு முடிவு சொன்னது. அதனால் ஒரே சொல்லின் கீழ் பலவகை இருக்கிறது. அடிப்படை எண்ணெய் நல்லதாக இருந்தால் தடிப்பைப் பிடித்து வைக்கப் பொலிமர் என்கிற நீண்ட சங்கிலி மூலக்கூறு கொஞ்சம் போதும். அந்தப் பொலிமர், ஒடியல் கூழ் சூட்டில் இறுகுவது போல, வெப்பத்தில் விரிந்து ஒயில் மெலியாமல் பார்க்கும். ஆனால் எஞ்சினின் அரைப்பில் நாள் போகப் போக அறுந்துபோகும். 5டபிள்யூ-50 மாதிரி இடைவெளி பெரிய ஒயில்களில் பொலிமர் கூட, அறுபடுவதும் கூட. நீ இரண்டு எண்ணுக்கும் இடையே அதிகம் விரியாததை எடு.

போத்தலில் ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) எஸ்பி என்ற தர முத்திரை இருக்கிறதா பார், 2020 இல் வந்த தரம். ரேர்போக் கார்களில் வருகிற முன்வெடிப்புக்காகக் கொண்டுவந்ததென்று சொல்வார்கள், உன் காரில் ரேர்போ இல்லை, ஆனால் ரைமிங் செயின் தேய்மானச் சோதனையும் அதற்குள் இருக்கிறது, அது உனக்கு வேண்டும். வொறன்ரி முடியும்வரை ரசீது எல்லாவற்றையும் ஒரு உறைக்குள் போட்டு வை. 30 விடுவதற்கு முன் டீலரிடம் கையேட்டைக் காட்டிக் கேட்டு, மறுமொழியை எழுத்தில் வாங்கு.

வாங்கியதும் போத்தலைப் படம் எடுத்து அனுப்பு. முன்பக்கம் வேண்டாம், அதில் ரேஸ் கார் படம்தான் இருக்கும். பின்பக்கத்தை, எழுத்து வாசிக்கிற மாதிரி எடு.

அன்புடன்,
அம்மா