கட்டுமானத் தொழிற்கல்வி பயிலும் சிறுபான்மை இன மாணவர்களுக்குக் கூடுதல் கணினிப் பயிற்சி நேரம் கோரும் மனு

அனுப்புநர்:
கட்டுமானப் பிரிவுப் பயிற்றுநர்கள், சிறுபான்மை இன மாணவர்களின் பெற்றோர்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள், தொழிற்கல்வித் துறை

பொருள்: வகுப்பு நேரத்துக்குப் பிறகும் கல்லூரிக் கணினிக்கூடங்களைத் திறந்து வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கட்டுமானப் பிரிவில் படிக்கும் சிறுபான்மை இனப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் சேர்ந்து இந்த மனுவைத் தருகிறோம். வகுப்பு முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் கணினிக்கூடம் திறந்திருக்க வேண்டும், அங்கே சொல்லித்தர ஒருவர் இருக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

தூண், உத்திரம், குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் கணினிக்குள் முப்பரிமாணத்தில் கட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே அஸ்திவாரம் தோண்டும் 'பிம்' முறை பரவிவிட்டது. சிங்கப்பூர் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் ஒப்புதலுக்கு பிம் கோப்புகளைக் கேட்கிறது. பிரிட்டனில் மைய அரசின் கட்டுமானப் பணிகளுக்கு 2016 ஏப்ரலில் இது கட்டாயமானது. 2018இல் இந்த முறைக்கென ஐ.எஸ்.ஓ. 19650 என்ற உலகத் தரநிலையும் வந்துவிட்டது. கணினியில் வரைபடம் வரைய உதவும் ஆட்டோகேட் மென்பொருளில் கோடு போடத் தெரிந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது.

இதைக் கற்க எங்கள் மாணவர்களுக்கு அறிவு குறைவில்லை. பலர் விடுமுறையில் அப்பாவோடும் அண்ணனோடும் கம்பி வேலைக்கும் கொத்து வேலைக்கும் போகிறவர்கள். உத்திரத்தைத் துளைத்துக்கொண்டு போகும் குழாயைத் திரையில் காட்டினால், "இதை இப்படிப் போட முடியாதே" என்று முதலில் சொல்பவர்கள் அவர்கள்தான். அந்தத் தவற்றைத் திரையிலேயே திருத்தத்தான் கை வரவில்லை. பழகப் பழக வருகிற கை அது. பழகுவதற்கு அவர்களிடம் கணினி இல்லை.

வீட்டில் இருப்பது ஒரு கைப்பேசி. செய்முறைக் குறிப்பேட்டைக்கூட அதில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பிம் மாதிரிகளை உருவாக்கும் ரெவிட் என்ற மென்பொருளோ விண்டோஸ் கணினியில் மட்டுமே ஓடும். அதன் அண்மைப் பதிப்புகள் 16 ஜிபி நினைவகம் கேட்கின்றன. மாணவர்களுக்கு உரிமம் இலவசம் என்பது உண்மைதான். ஆனால் அதை நிறுவ ஒரு கணினி வேண்டுமே! வசதியுள்ள மாணவர் வகுப்பில் பார்த்ததை இரவு வீட்டில் பத்து முறை செய்து பார்க்கிறார். எங்கள் பிள்ளை அடுத்த வகுப்பு வரை காத்திருக்கிறார். பருவ முடிவில் மதிப்பெண் பட்டியலில் தெரிவது இந்த இடைவெளிதான். அதை இனத்தின் இயலாமையாகப் பேசுவதைக் கேட்கும்போது நெஞ்சு எரிகிறது.

இலவச உரிமம் பெறுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. விண்ணப்பத்தில் உள்ள பெயரும் கல்லூரிச் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் சமூகத்துப் பெயர்களை ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கிறது. கல்லூரி முதல்வரே ஒரே எழுத்துக்கூட்டலில் உறுதிக் கடிதம் தர ஆணையிட்டால் இது தீர்ந்துவிடும். பெரிய செலவும் இல்லை.

மாலை நேரத்தில் சொல்லித்தர வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை. மூத்த மாணவர்களுக்குச் சிறு ஊதியம் தந்து அமர்த்தலாம். பாடம் நடக்கும் மொழி பலருக்கு வீட்டு மொழி அல்ல; தங்கள் மொழி பேசும் அண்ணனோ அக்காவோ பக்கத்தில் நின்றால் கூச்சமில்லாமல் கேட்பார்கள். பெண் பிள்ளைகள் இரவில் பாதுகாப்பாக வீடு திரும்ப வண்டி ஏற்பாடு அவசியம். அது இல்லாவிட்டால் கூடம் திறந்திருந்தும் அவர்களுக்குப் பயனில்லை.

மேலும் ஒன்று. தொழிற்பயிற்சிக்கு அனுப்பும்போது, "உங்களுக்குத் தள வேலை பழக்கம்தானே" என்று எங்கள் மாணவர்களைக் களத்துக்கு அனுப்பிவிட்டு, கணினியில் மாதிரி உருவாக்கும் அலுவலக அறைக்கு மற்றவர்களை அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. களமும் அலுவலகமும் ஒவ்வொரு மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்று பயிற்சி ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்யுங்கள்.

வரும் பருவம் தொடங்கும் முன்பே கணினிக்கூட நேர நீட்டிப்புக்கும் மூத்த மாணவர் ஊதியத்துக்கும் ஆணை பிறப்பித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டுமானப் பிரிவுப் பயிற்றுநர்கள், பெற்றோர்