சருகை வாரிக்கொண்டு போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நகரில் பொது இடமாக விட்ட ஏழு கிரவுண்டு நிலத்தில் மூன்று வருடமாகத் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு தோட்டம் போட்டு வருகிறோம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து ஜேசிபி நுழைந்த இடத்திலெல்லாம் தரையைச் சுரண்டி, நுழையாத இடத்தில் மண்வெட்டியால் வாரி, இரண்டு டிப்பர் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மரங்களைத் தொடவில்லை. சருகையும் அதன் மேல் படர்ந்திருந்த சர்க்கரைவள்ளிக் கொடியையும்தான் எடுத்தார்கள். யாரோ முக்கியமானவர் அந்தப் பக்கம் வருகிறார் என்று துப்புரவுப் பணி நடந்ததாம். சாயங்காலம் நான் போய் நின்றபோது தரை சிமென்ட் பூசினது போல மொழுமொழு என்று கிடந்தது. கடைசியாகக் கிளம்பிக்கொண்டிருந்த தம்பி ஒருவர், "எவ்ளோ குப்பை தெரியுமா மேடம், எல்லாத்தையும் க்ளீன் பண்ணிட்டோம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். சொன்ன வேலையைச் செய்தவர், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் குப்பை என்று சொன்னது எங்கள் தோட்டத்தின் உயிர். அதைப் புரியவைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்பார்கள். ஒப்படைத்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் நிலம் பல வருடம் சும்மா கிடந்தது. வீடு இடிப்பவர்கள் ரப்பீஸ் கொண்டுவந்து கொட்டுவார்கள், ராத்திரியில் பாட்டில் உடையும், மழை வந்தால் முழங்கால் தண்ணீர். நாங்கள் பெரிய திட்டத்தோடெல்லாம் ஆரம்பிக்கவில்லை. பிள்ளைகள் விளையாட ஒரு மூலையையாவது சுத்தம் செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் இறங்கினோம். சரி, இறங்கியாயிற்று, நாலு மரமும் வைப்போம் என்று அடுத்த வாரமே 40 கன்று வாங்கி நட்டோம். அது சித்திரை மாதம். களிமண், அதில் பாதி செங்கல் தூள். தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியும் கத்திரி வெயிலில் பாதி கருகியது. பிழைத்ததில் முருங்கை எல்லாம் ஐப்பசி மழையில் வேரழுகிச் செத்தது, முருங்கைக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது என்று கிராமத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அப்புறம்தான் நிதானமானோம். எங்களில் இரண்டு பேர், நம்மாழ்வார் ஐயா கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் உருவாக்கிய வானகம் என்ற இயற்கை வேளாண் பண்ணையில் சில நாள் தங்கிப் பயிற்சி எடுத்தார்கள். காடு மாதிரி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்படி தோட்டத்தை அமைக்கும் முறைக்குப் பெர்மாகல்ச்சர் என்ற பெயரை 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் வைத்தார்கள். அதில் முதல் வேலையே மண்வெட்டியைத் தொடாமல் நிலத்தைப் பார்ப்பதுதான். எந்தப் பக்கம் வெயில், எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த மூலையில் காற்று அடிக்கிறது, என்ன களை தானாக வருகிறது. அடுத்த மழைக்காலம் முழுக்க குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். தண்ணீர் வடமேற்கு மூலையிலிருந்து வந்து நடுவில் நிற்கிறது. மழை விட்ட பிறகு எங்கள் தெரு மேஸ்திரி அண்ணன் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய டியூப்பைப் பிடித்து மட்டம் பார்த்துக் கொடுத்தார். ஒரே மட்டத்தில் நீளவாக்கில் மூன்று வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளப் பக்கம் கரையாகப் போட்டோம். வாய்க்காலில் தண்ணீர் ஓடாது. நின்று இறங்கும். கரைமேல் மரம்.

கொசு வருமே என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. களிமண்ணில் தண்ணீர் நாலு நாள் நின்றது. முட்டையிலிருந்து கொசுவாகச் சுமார் ஒரு வாரம் ஆகும் என்றாலும், அடுத்த மழை பெய்தால் அந்தக் கணக்கு நிற்காது. அதனால் வாய்க்கால் முழுக்க வெட்டிய கிளை, இளநீர் மட்டை, சருகு போட்டு நிரப்பினோம். இப்போது மேலே திறந்த தண்ணீரே தெரிவதில்லை, கீழே மட்டும் ஈரம் இருக்கிறது.

சருகு விஷயத்துக்கு வருகிறேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் ஆயா ஒருவர் எங்கள் தோட்டத்துக்குத் தவறாமல் வருவார். முதல் வருடம் நாங்கள் வெறும் தரையைக் கொத்திக் கொத்தித் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, "தரையை ஏன்மா அம்மணமா வச்சிருக்கீங்க, மேல எதையாவது போட்டு மூடுங்க" என்றார். அதுதான் மூடாக்கு. அந்த மாசியிலும் பங்குனியிலும் வேம்பு, தூங்குமூஞ்சி, புங்கை என்று தெருவெல்லாம் இலை உதிர்ந்தபோது, துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் கூட்டிய சருகைக் கொளுத்தாமல், பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டு, எங்கள் வாசலில் மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்தார். அவர் மட்டும் இல்லையென்றால் இந்தத் தோட்டமே இல்லை. ஒரு முழ உயரத்துக்குப் போட்டோம். ஆடிக்குள் அது நாலு விரல் உயரமாக அமுங்கிவிட்டது. மறுபடி போட்டோம்.

போன சித்திரையில் ஒரு நாள் மத்தியானம், தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெயிலில், அகத்தி மரத்தடியில் உட்கார்ந்து சருகுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மேலே மொறுமொறுவென்று காய்ந்த வேப்பிலை. ஒரு விரல் கீழே போனால் இலையின் நரம்பு மட்டும் வலை மாதிரி மிச்சம், அதற்கும் கீழே வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சாணம் ஓடிக் கிடக்க, அதையும் தாண்டினால் கறுப்பாக, ஈரமாக, புட்டு மாதிரி உதிரும் மண். கையோடு ஒரு மண்புழு சுருண்டு வந்தது. செங்கல் தூளாகக் கிடந்த இடம் அது! தண்ணீர் ஊற்றி ஐந்து நாள் ஆகியிருந்தது. முதல் வருடம் தினமும் ஊற்றினோம், இப்போது கோடையில் வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

ஆகவே, அந்த ஆட்கள் வாரிக்கொண்டு போனது இலையை மட்டுமல்ல. அந்தக் கறுப்பு மண்ணையும்தான் சேர்த்துச் சுரண்டினார்கள். இன்னொரு கஷ்டம், சருகு எப்போது வேண்டுமானாலும் கிடைக்காது. மாசி, பங்குனி போய்விட்டால் அப்புறம் நாட்டு வாதாம் மரம் உதிர்ப்பது கொஞ்சம், புயலில் ஒடிவது கொஞ்சம், அவ்வளவுதான். வேம்பும் தூங்குமூஞ்சியும் இனி அடுத்த வருடம்தான்.

எதிர்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். சருகு இருந்தால் பாம்பு வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, ஒரு சாரைப்பாம்பை நாங்களே பார்த்தோம். அதற்குப் பிறகு சுற்றுச்சுவரை ஒட்டி ஐந்தடிக்கு எதுவும் போடுவதில்லை, நடைபாதையை மூன்றடி அகலத்துக்கு வெறும் மண்ணாக வைத்திருக்கிறோம், இருட்டினால் உள்ளே யாரும் போவதில்லை. பெருமழையில் சருகு மிதந்து போய் மழைநீர் வடிகாலை அடைத்தது ஒரு தடவை. இப்போது மேலே கிளைகளைக் குறுக்கே போட்டு அழுத்தி வைக்கிறோம். ஆப்பிரிக்க நத்தையும் வந்தது. அதற்குப் பப்பாளி இலையையும் நனைத்த சாக்கையும் அங்கங்கே போட்டு வைத்தால் ராத்திரியில் அதனடியில் வந்து ஒண்டும், காலையில் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். பத்தாவது படிக்கும் பையன்கள் இரண்டு பேர் அதைத் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

தன்னார்வலர்கள் என்று பெரிதாகச் சொல்கிறோம், வாட்ஸ்அப் குழுவில் 140 பேர் இருக்கிறோம், ஞாயிறு காலை ஆறரைக்கு வருவது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு பேர். அது போதும். வராதவர்களைத் திட்டக் கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம், இன்றுவரை தோட்டம் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். வராதவர்களும் ஏதோ ஒன்று செய்கிறார்கள். இளநீர்க் கடைக்காரர் மட்டை தருகிறார், டீக்கடையிலிருந்து தினமும் டீத்தூள் சக்கை வருகிறது. மூன்று வீட்டுப் பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக் குழிக்குப் போகிறது. இதற்கு வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றும் தேவையில்லை, நம் கொல்லைப்புறத்தில் தொட்டித் தண்ணீர் போகும் வழியில் வாழையும் சேம்பும் கல்வாழையும் நின்றதுதானே. இப்போது அகத்தி, பப்பாளி, கறிவேப்பிலை, அதன் நிழலில் மஞ்சளும் சேனையும், வேலியில் பிரண்டையும் தூதுவளையும் முடக்கத்தானும் இருக்கின்றன. பறிப்பதில் அன்றைக்கு வேலை செய்தவர்களுக்கு முதல் பங்கு, மிச்சம் வாசலில் கூடையில் இருக்கும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், விலை இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் சாயங்காலம் போகும்போது ஒரு பிடி கீரை எடுத்துப்போவதைப் பார்ப்பது எனக்குத் தனிச் சந்தோஷம்.

தெருவில் சருகைக் கொளுத்துவது இப்போதும் எத்தனை இடத்தில் நடக்கிறது! பொது இடத்தில் குப்பை எரிக்கக் கூடாது என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தோட்டக் கழிவைத் தனியாக வைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதே வருடம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமே விதித்தது. ஒவ்வொரு வார்டிலும் ஒரு ஓஎஸ்ஆர் நிலத்தை இப்படி வைத்துக்கொண்டால் அந்த வார்டின் சருகுக்குப் போக்கிடம் கிடைத்துவிடும். லாரி வாடகையும் மிச்சம்.

இதற்கு நடுவில் இன்னொரு செய்தி காதில் விழுகிறது. நிலம் முழுக்க பேவர் பிளாக் போட்டு, உடற்பயிற்சிக் கருவிகள் வைக்கப்போகிறார்களாம். உடற்பயிற்சிக் கருவி வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஒரு மூலை ஒதுக்கித் தருகிறோம். தரையை மட்டும் மூடாதீர்கள். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏழு கிரவுண்டு என்பது ஏறக்குறைய 1,560 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். பெருக்கிப் பாருங்கள், 21 லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது, 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 180 லாரி. அத்தனையும் மண்ணுக்குள் போய்விடும் என்று நான் சொல்லவில்லை, களிமண்ணில் அது நடக்காது. ஆனால் பாதி இறங்கினாலும் அது எங்கள் கிணறுகளுக்கு. கல் பதித்தால் பெரும்பகுதி தெருவுக்கும் பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கும்தான் வரும். 2015 டிசம்பரைப் பார்த்தவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் கேட்பது பணம் இல்லை. ஒரு தாள் கேட்கிறோம். நிலம் உள்ளாட்சியுடையது, அதில் மாற்றமில்லை, பராமரிப்பு மட்டும் இந்தத் தெருக்காரர்களிடம், உள்ளே எந்த வேலை செய்வதானாலும் ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும், மூடாக்கு என்பது கழிவு அல்ல. இவ்வளவுதான் அதில் எழுத வேண்டியது. மூன்று மனு கொடுத்தோம். வாங்கி முத்திரை குத்தித் தந்தார்கள், பதில் வரவில்லை. வாய்மொழியாகச் சரி என்று சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வருகிறவருக்கு எங்களையும் தெரியாது, சருகையும் தெரியாது. ஊருக்கு ஊர் இப்படி ஒரு கூட்டம் உழைத்துக்கொண்டிருக்கிறது, எல்லாருடைய உழைப்பும் யாரோ ஒருவருடைய வாய்வார்த்தையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் பத்திரிகை வழியாகவாவது இது உரியவர்கள் கண்ணில் பட வேண்டும்.

ஆடிப்பட்டம் நெருங்குகிறது. அவரை, புடலை, காராமணி விதையெல்லாம் ஆயா சாம்பலில் புரட்டி எடுத்து வைத்திருக்கிறார். வாரிக்கொண்டு போன இடத்தில் மறுபடி மூடாக்கு போட ஆரம்பித்துவிட்டோம், ஞாயிறு வரை 31 மூட்டை வந்திருக்கிறது. இன்னும் 170 மூட்டையாவது வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்சென்னைப் புறநகர்.