பன்னிரண்டாம் கட்டில்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இரவுப் பணி முடித்து வந்து பேனாவை எடுத்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை.

சென்ற மாதம் ஓர் இரவு, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த பெரியவர் தண்ணீர் கேட்டார். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்தேன். அது அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்ததைப் பயிற்சி மாணவிதான் கவனித்தாள். காலையில் வார்டை ஒப்படைக்கும்போது, "பன்னிரண்டாம் கட்டில் ராத்திரி முழுக்கத் தொந்தரவு" என்றேன். அவர் பெயரைக் கேஸ் ஷீட்டைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். நானா இப்படி என்று அன்று பஸ்ஸில் அழுதேன்.

இதைத்தான் பர்ன் அவுட் என்கிறார்கள். பகலில் சொந்தத் தொழிலும் இரவில் நியூயார்க்கின் இலவச மருத்துவமனையில் தொண்டுமாக உழைத்துத் தானே ஓய்ந்துபோன ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், 1974இல் இதைப் பற்றி எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர், மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பாராமல் விலகுவது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது என அதன் மூன்று முகங்களை வகுத்தார். எனக்கு இரண்டாவதுதான் சுட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லாமல், சமாளிக்கப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. அதைப் படித்தபோதுதான் என் மீதே எனக்கிருந்த கோபம் சற்றுத் தணிந்தது.

ஐந்து நாள் விடுப்பெடுத்து ஊரில் தூங்கித் தீர்த்தேன். திரும்பிய மூன்றாம் நாளே பழைய நிலைதான். 36 கட்டிலுக்கு இரண்டு நர்ஸ், தொடர்ந்து ஏழு இரவு என்று இருக்கும்வரை, தியானம் செய்யச் சொல்லும் அறிவுரை எனக்கு எரிச்சலையே தந்தது. நாங்கள் நால்வர் சேர்ந்து கண்காணிப்பாளரிடம் பேசியதில் ஏழு இரவு நான்காகி, அதன்பின் இரண்டு நாள் ஓய்வும் கிடைத்தது. ஆள் மட்டும் கூடவில்லை. ஒப்படைக்கும்போது கட்டில் எண்ணோடு பெயரையும் சொல்வது என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். இப்போதெல்லாம் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. ஆனால் ஒருவருக்கு விடுப்பிலும் எதிலும் மனம் ஒட்டாமல், பசியும் உறக்கமும் போயிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அப்போது டாக்டரைப் பார்க்கத் தயங்கக் கூடாது.

இதை உனக்கு ஏன் சொல்கிறேன் தெரியுமா? உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், "யாரிடமும் பேசவே பிடிக்கவில்லை" என்று எழுதி அடித்திருக்கிறாய். மை மெல்லியது, படிக்க முடிகிறது. அடுத்த கடிதத்தில் அதை அடிக்காமல் முழுதாக எழுது.

அன்புடன்,
தேவகி